நமக்காக வக்கீல் எதுவரை போகலாம்? ஒரு பாகப்பிரிவினை வழக்கில் நான் பட்டது

தண்டையார்பேட்டையில் எங்கள் அப்பா வாங்கிய வீட்டில் எனக்கு வரவேண்டிய பங்கைக் கேட்டு நான் போட்ட வழக்கு ஒருவழியாக முடிந்துவிட்டது. பங்கு கிடைத்தது. ஆனால் இத்தனை வருடத்தில் என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது எதிர்த்தரப்பு இல்லை, எனக்காக வாதாட நான் வைத்த முதல் வக்கீல். அவர் வாய்தாவுக்கு வராதவர் இல்லை, அக்கறை இல்லாதவரும் இல்லை. எனக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தார். அந்த ‘எதையும்’தான் என்னைப் படாதபாடு படுத்தியது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. என்னைப் போலத் தனியாக இதில் போய் நிற்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். அந்த வக்கீல் மேல், வக்கீல்களின் ஒழுங்கைக் கவனிக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன், அது விசாரணையில் இருப்பதால் அவர் பெயர் இதில் வராது.

முதலில் வழக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆன பணத்தில் அந்த வீட்டை முடித்தார். கீழே ஒரு வீடு, மேலே இரண்டு போர்ஷன். அம்மா முன்னாலேயே போய்விட்டார். அப்பா 2019ல் இறந்தபோது உயில் எதுவும் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகள் நானும் அண்ணனும் மட்டும்தான். சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. அண்ணன் கீழே குடியிருந்துகொண்டு மேலே இரண்டு போர்ஷன் வாடகையையும் வாங்கிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்காரரை இழந்து, பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தபடி எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பையன் காலேஜ் சேரும் நேரத்தில் போய்க் கேட்டபோது, “உனக்குத்தான் கல்யாணத்துலயே செஞ்சாச்சே, இன்னும் என்ன?” என்றார் அண்ணன். கல்யாணத்துக்குப் போட்ட நகையால் வாரிசுப் பங்கு குறையாது என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் தெரிந்தபோதுதான் புரிந்தது, என் வழக்குக்கு ஒரே ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை என்று. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கடையில் கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் அந்த வக்கீலிடம் போனேன். பாரிமுனை பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று எங்கே பார்த்தாலும் வக்கீல் ஆபீஸ்தான். சாயங்காலம் காளிகாம்பாள் கோயில் கூட்டத்தைத் தாண்டி ஒரு குறுகலான மாடிப்படி ஏறிப் போனேன். நான் சொன்னதைப் பத்து நிமிஷம் கேட்டார். “கவலையே படாதம்மா. உங்க அண்ணனை ஆறே மாசத்துல உன் கால்ல விழ வைக்கிறேன். என் கட்சிக்காரங்களுக்காக நான் எந்த எல்லைக்கும் போவேன்” என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்த்தை எனக்கு அன்றைக்கு அமிர்தமாக இருந்தது. அப்பா போனதிலிருந்து எனக்காகப் பேச ஓர் ஆள் இல்லாத வேதனையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து பையனிடம் சந்தோஷமாகச் சொன்னேன். இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்: ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பவரிடமும், எதிராளியைக் காலில் விழ வைக்கிறேன் என்பவரிடமும் அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் கேட்டது பங்கு. யாரையும் காலில் விழ வைக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை.

ஃபீஸ் மொத்தம் 75,000 என்றார். அதில் 50,000 முதலிலேயே வாங்கிக்கொண்டார். நோட்டீஸுக்குத் தனியாக 5,000. கோர்ட் செலவு என்று அப்பப்போ 18,000. பெரும்பாலும் கையில் கொடுத்ததுதான், ரசீது கேட்டபோது “நம்பிக்கை இல்லையாம்மா?” என்று கேட்டார், அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. இது போதாதென்று, பங்கு கைக்கு வந்ததும் அதில் பத்து சதவீதம் தனக்கு என்றார். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் இந்திய பார் கவுன்சில் விதிகளில் நேரடியாகவே தடை செய்யப்பட்டது. யாராவது உங்களிடம் சதவீதம் பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தன் பங்கும் அதில் இருக்கிறது என்று ஆகிவிட்டால், எதைச் சொல்லியாவது ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் வக்கீலுக்கு வரத்தான் செய்யும். பணம் கொடுப்பதை ஜிபே மாதிரி கணக்கில் பதியும் வழியில் கொடுங்கள், எதற்காக என்று ஒரு வரி எழுதியும் அனுப்புங்கள். நான் ஜிபேயில் அனுப்பிய கொஞ்சம் பணத்துக்குத்தான் இன்று என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

பிறகு அண்ணனுக்கு நோட்டீஸ் போனது. அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டவில்லை. நான்கைந்து நாள் கழித்து அண்ணன் பையன் போன் செய்து, “அத்தை, எங்க அம்மாவைத் திருடின்னு எழுதியிருக்கீங்க” என்று அழுதான். எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் நகல் வாங்கிக் கடையில் இங்கிலீஷ் தெரிந்த பெண்ணைப் படித்துச் சொல்லச் சொன்னேன். பங்கைப் பற்றி நாலு வரி. மீதியெல்லாம் அண்ணி அம்மாவின் நகைகளைத் திருடிவிட்டார், அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சோறு போடாமல் சாகவிட்டார் என்று. நான் இதில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அப்பாவுக்குக் கடைசி நாட்களில் மூத்திரப் பை மாற்றியதே அண்ணிதான். வக்கீலைக் கேட்டால், “அப்படி எழுதினாத்தான்மா பயம் வரும்” என்றார். அந்த நோட்டீஸ் போகும் வரைக்கும் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்க வழி இருந்தது. போன பிறகு அண்ணன் வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்பட்டது. கடிதத்தில் நிதானமான வார்த்தைகளையே எழுத வேண்டும், மனுவில் அவதூறு கூடாது, கட்சிக்காரருக்கு வெறும் ஊதுகுழலாக வக்கீல் இருக்கக்கூடாது என்று பார் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்கள் பெயரில் போகும் எந்தக் காகிதத்தையும் அனுப்புவதற்கு முன்னால் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வாட்ஸாப்பில் அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அதனால் கோர்ட்டில் தாக்கல் செய்யும் வழக்கு மனுவான பிராது தயாரானபோது நான் விடவில்லை. அவருடைய ஜூனியர் ஒரு பெண், நல்ல பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள். ஓர் இடம் வந்ததும் அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வாதிக்குத் திருமணத்தின்போது தந்தையால் நகையோ பணமோ எதுவும் கொடுக்கப்படவில்லை” என்று இருந்தது. எனக்கு அப்பா பதினைந்து சவரன் போட்டார். கல்யாண ஆல்பத்தில் கழுத்து நிறைய அதோடுதான் நிற்கிறேன். இது பொய்யாச்சே என்றேன். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மேலே சொன்ன எல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று ஒரு பத்தி, அதன் கீழே கையெழுத்துக்கு இடம். அது வக்கீல் போடும் கையெழுத்து இல்லை, என்னுடையது. எழுதுவது அவர், பொய்யென்று நிரூபணமானால் கூண்டில் நிற்பது நான். கோர்ட்டில் தெரிந்தே பொய் சாட்சி சொல்வதற்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. இந்த உறுதிமொழிப் பத்தி பிராதிலும் இருக்கும், இடையில் போடும் மனுக்களோடு சேர்ந்த பிரமாணப் பத்திரத்திலும் இருக்கும், பிறகு சாட்சியம் சொல்லும்போது கொடுக்கும் ப்ரூஃப் அஃபிடவிட்டிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் மட்டும் எந்த அவசரத்துக்கும் போடாதீர்கள். “பின்னால டைப் பண்ணிக்கலாம்” என்று குமாஸ்தா நீட்டுவார், வேண்டாம். அந்த வரியை அடித்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. “உனக்கு ஜெயிக்கணுமா, அரிச்சந்திரன் ஆகணுமா?” என்றார். அன்றைக்கு மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை வரைக்கும் இரண்டு ஸ்டேஷன்தான், அதற்குள் அழுது முடிக்க முடியவில்லை.

வழக்கு நம்பர் ஆகி, அண்ணன் தரப்பில் பதில் மனு போட்டார்கள். வீட்டை அப்பா வாய்மொழியாகத் தனக்கே கொடுத்துவிட்டார் என்று அண்ணன் சொல்லியிருந்தார். வாய்தா மேல் வாய்தா. வக்கீலுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் கூப்பிட்டு, நிதானமாக, ஏதோ மளிகை லிஸ்ட் சொல்வது மாதிரி சொன்னார். “ரெண்டு நாள் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அட்மிட் ஆயிடு. அண்ணன் அடிச்சான், செயினை அறுத்தான்னு சொல்லு. ஏ.ஆர். காப்பி, அதான் ஆஸ்பத்திரியில காயத்தைப் பதிவு பண்ற காகிதம், வந்துடும். அதை வெச்சு ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட். உள்ள வைப்பாங்கன்னு பயந்து அவனே வந்து கையெழுத்துப் போடுவான். ஸ்டேஷன் செலவுக்கு ஒரு 20,000 மட்டும் ரெடி பண்ணிக்கோ.” எனக்குக் கை நடுங்கியது. எதிரே அந்த ஜூனியர் பெண் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். முடியாது சார் என்றேன். “எல்லாரும் பண்றதுதாம்மா. சிவில் கேஸை கிரிமினல்ல முடிக்கறதுதான் மெட்ராஸ் ஸ்டைல்” என்றார். அண்ணன் என்னை ஏமாற்றியது உண்மை. ஆனால் அவர் என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. சின்ன வயதில் காசிமேட்டுக் கடற்கரைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். பங்குக்காக அவரை லாக்கப்பில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மனம் வந்திருந்தாலும் சட்டம் விடாது என்பதையும் சொல்ல வேண்டும். பொய்ப் புகார் கொடுத்து ஒருவரைச் சிக்கவைப்பது அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 182, 211 பிரிவுகளின் கீழ் குற்றம். 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 217, 248. அங்கேயும் புகாரில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், வக்கீல் பெயர் எங்கேயும் இருக்காது. பார் கவுன்சில் விதிகளில் இதற்கு நேர் எதிரான கடமையே இருக்கிறது. கட்சிக்காரர் தானாகவே குறுக்கு வழிக்குப் போனாலும் வக்கீல் தடுக்க வேண்டும், கேட்கவில்லை என்றால் அந்த வழக்கையே விட்டுவிட வேண்டும். எனக்கு நடந்தது தலைகீழ். கட்சிக்காரி தடுத்தாள், வக்கீல் கேட்கவில்லை. இப்படி ஒரு யோசனை உங்கள் வக்கீலிடமிருந்து வந்தால், மறுத்துவிட்டு, மறுத்ததை அன்றைக்கே ஒரு வாட்ஸாப் செய்தியாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். “நீங்கள் சொன்ன போலீஸ் புகாருக்கு நான் சம்மதிக்கவில்லை, என் பெயரில் கொடுக்க வேண்டாம்.” அவ்வளவு போதும். நான் பயத்தில் அனுப்பிய அப்படி ஒரு செய்திதான் இன்று பார் கவுன்சில் புகாரில் என்னிடம் உள்ள பெரிய ஆதாரம்.

அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வேறு வக்கீல் வைத்துக்கொள்கிறேன், கேஸ் காகிதக் கட்டைக் கொடுங்கள் என்று கேட்டால், 40,000 கட்டினால்தான் கேஸ் கட்டும் வக்காலத்து மாற்ற சம்மதமும் தருவேன் என்றார். அப்பாவின் அசல் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம் அவரிடம். அந்த நாட்கள்தான் மிக மோசமானவை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, அப்பாவின் பத்திரம் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். கடையில் கூட்டல் தப்பி முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். யாரிடம் கேட்டாலும், “வக்கீலைப் பகைச்சுக்காதே” என்றுதான் சொன்னார்கள். ஒருவர்கூடச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை கிடையாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், காகிதத்தை அடகாக வைத்துக்கொள்ளக் கூடாது. அசல் பத்திரங்களை வக்கீலிடம் கொடுப்பதற்கு முன்னால் நகல் எடுத்து, கொடுத்த பட்டியலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் பதினாறு இருக்கும். அதை இகோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்த பிறகுதான், உடம்பு சரியில்லை என்று என் பெயரைச் சொல்லியே அவர் வாய்தா வாங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது.

எனக்கு வழி காட்டியது அந்த ஜூனியர் பெண்தான். அவளும் அங்கிருந்து விலகிவிட்டிருந்தாள். ஹைகோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போய்ப் பாருங்கள் அக்கா என்றாள். இலவச சட்ட உதவி என்றால் பரம ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். 1987ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 73,000 ரூபாய் செலவானது.

அங்கே எனக்குக் கிடைத்த வக்கீல் ஒரு மேடம். முதல் வேலையாகப் பழைய வக்கீலுக்கு, அந்த சக்சேனா தீர்ப்பைக் குறிப்பிட்டு, கட்டைத் திருப்பித் தரும்படி ரிஜிஸ்தர் தபாலில் ஒரு கடிதம் என்னை எழுத வைத்தார். இரண்டு வாரத்தில் குமாஸ்தா கட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவின் பத்திரத்தில் இருந்த நேவி ப்ளூ மையைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. வக்காலத்து மாற்ற அவர் சம்மதம் தராததால் கோர்ட்டில் மனு போட்டு அனுமதி வாங்கினோம்.

இந்த மேடத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் எல்லைக்குள் நிற்கும் வக்கீல் என்றால் சாதுவாக இருப்பார், தோற்றுவிடுவார் என்று நானே பயந்தேன். முதல் சந்திப்பில் பதினைந்து சவரன் விஷயத்தை எடுத்தேன், நாமே கோர்ட்டில் சொல்லிவிட வேண்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. “நமக்கு எதிரா இருக்கிற எல்லாத்தையும் நாமளே போய்ச் சொல்லணும்னு இல்லம்மா. நீங்க என்கிட்ட சொன்னதை நான் வெளிய சொல்லவும் கூடாது. ஆனா அவங்க கேட்டா இல்லைன்னு சொல்ல நான் உங்களை விடமாட்டேன். இல்லைன்னு நான் எழுதவும் மாட்டேன்.” சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் உள்ள அந்தக் கோட்டை இவ்வளவு எளிதாக எனக்கு யாரும் காட்டியதில்லை. வக்கீலிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவரிடம் ரகசியமாகச் சொன்னதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. இனிமேல் ஒரு குற்றம் செய்யப்போகிறேன், உதவுங்கள் என்று கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அண்ணனிடம் நீங்களே ஒரு தடவை போனில் பேசுங்களேன், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றும் கெஞ்சினேன். மறுத்துவிட்டார். எதிராளிக்கு வக்கீல் இருக்கும்போது அந்த வக்கீல் மூலமாகத்தான் பேச வேண்டும், நேராகப் பேசுவது விதிக்கு மாறானது என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்தால், அண்ணன் தரப்பு வக்கீல் எனக்கு நேராகப் போன் செய்து மிரட்டினால் எப்படி இருக்கும் என்று புரிந்தது.

கோர்ட்டில் அவர் சாதுவாக இல்லை. வந்த வேகத்தில், வழக்கு முடியும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று தடை வாங்கினார். பழைய வக்கீல் அண்ணியைத் திட்டி எழுதுவதில் இருந்த மும்முரத்தில் இதைக் கேட்கவே இல்லை. மேல் போர்ஷன் வாடகை எவ்வளவு, எந்த வருடத்திலிருந்து என்று கணக்குக் கேட்டார். அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்தபோது குரலை உயர்த்தவே இல்லை. வாய்மொழியாகக் கொடுத்தார் என்றால் எந்தத் தேதி, யார் முன்னிலையில், பதிவு செய்த பத்திரம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அசையாச் சொத்தைத் தானம் கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அண்ணனிடம் பதில் இல்லை. அண்ணனுடைய குடிப்பழக்கத்தைப் பற்றி நான் சொல்லியிருந்தேன், அதைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “வீட்டுப் பங்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று மட்டும் கேட்டார்.

என்னைக் குறுக்கு விசாரணை செய்த அன்று எதிர்த்தரப்பு வக்கீல் மேசையில் எங்கள் கல்யாண ஆல்பம் இருந்தது. நீல நிற வெல்வெட் அட்டை, ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார், “உங்க கல்யாணத்துக்கு உங்கப்பா எதுவும் போடலைதானே?” நான் பதினைந்து சவரன் போட்டார் என்றேன். ஆல்பத்தைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது. அந்த ஒரு பொய் வரி பிராதில் இருந்திருந்தால் அன்றைக்கு என் வழக்கு முழுக்கவே சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்காரர் இறந்த விதத்தைப் பற்றிக் குத்தலாக ஏதோ கேட்டார். மேடம் எழுந்து ஆட்சேபித்தார், நீதிபதி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. அந்த வக்கீல் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கடுமையாகக் கேட்பது அவர் கடமை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கேவலமாகக் கேட்டது மட்டும்தான் எல்லை மீறல், அதை அங்கேயே தடுத்தும்விட்டார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1820ல் இங்கிலாந்தில் ராணி கரோலின் மேல் நடந்த விசாரணையில் அவருக்காக வாதாடிய புரூஹாம், வக்கீலுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆளைத்தான் தெரியும், அது அவருடைய கட்சிக்காரர், மற்றவர்களுக்கு என்ன ஆனாலும் கவலைப்படக் கூடாது என்று பேசினாராம். இன்றைக்கும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நம் ஊர் விதியிலும் விளைவைப் பற்றிப் பயப்படாமல் கட்சிக்காரரின் நலனைக் காக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஆனால் நியாயமான, கண்ணியமான வழிகளில் என்று அதே வாக்கியத்தில் சேர்த்திருக்கிறார்கள். 1977ல், காலி செய்யாமல் பொய் வழக்கு மேல் வழக்காகப் போட்ட ஒரு குடித்தனக்காரர் விஷயத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், வக்கீல் நீதியின் ஓர் அதிகாரி, இந்த மாதிரி காரியங்களுக்குத் துணை போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அதேசமயம் எல்லோரும் வெறுக்கும் ஒருவருக்காக வக்கீல் நிற்பது எல்லை மீறல் இல்லை. ஒருவருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போடுவதுதான் தவறு என்று நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் அண்ணனுக்கும் ஒரு நல்ல வக்கீல் வேண்டும். எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை.

பணம் திரும்ப வருமா என்று கேட்பீர்கள். 73,000இல் ஒரு ரூபாயும் வரவில்லை. சம்பள வெட்டு வேறு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வக்கீல் சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்த வழி இல்லை. மீதி இருப்பது வக்கீல்கள் சட்டம் 35ஆவது பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார். கண்டிப்பதிலிருந்து, தொழில் செய்யத் தடை விதிப்பது, பட்டியலிலிருந்தே பெயரை நீக்குவது வரை அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். புகாரில் கோபத்தை எழுதாமல் தேதி, செய்தி, பணம் கொடுத்த விவரம் என்று வரிசையாக எழுதுங்கள், ஆதாரங்களை இணையுங்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தால் நிற்காது. தோற்றுப்போவது ஒழுங்கீனம் இல்லை.

குறுக்கு விசாரணைக்குப் பிறகு அண்ணன் தரப்பே சமரசத்துக்கு வந்தது. ஹைகோர்ட் வளாகத்தில் 2005லிருந்து இருக்கும் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசினோம். வீட்டை அண்ணன் வைத்துக்கொண்டு என் பாதிக்கான பணத்தை இரண்டு தவணையில் கொடுப்பது, பழைய வாடகைக்கு ஒரு தொகை என்று முடிவானது. சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தை எழுதும்போது நான் ஒன்று கேட்டேன். முதல் நோட்டீஸில் அண்ணியைப் பற்றி எழுதியிருந்தவை உண்மையல்ல, அவற்றைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று. பாகப்பிரிவினைக்கு அது தேவையில்லை என்று மேடம் சொன்னார், ஆனாலும் சேர்த்தார். அதைச் சத்தமாகப் படித்தபோது அண்ணி எதிர் நாற்காலியில்தான் இருந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று தனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.